எடை குறைப்பு அறுவை சிகிச்சைக்கு முன் மனத்தையும் உடலையும் எப்படித் தயார்படுத்துவது?

கோத்தகிரியில் இருக்கும் உங்கள் அக்காவுக்கு அடுத்த மாதம் கோயம்புத்தூரில் இரைப்பையைச் சிறிதாக்கும் அறுவை சிகிச்சை என்று எழுதியிருக்கிறீர்கள்.

அதற்கு முன் ஏறக்குறைய 2 வாரம் பத்தியம் இருக்கச் சொல்வார்கள். பலரும் நினைப்பதுபோல் அது எடைக்காக மட்டுமல்ல. கொழுப்பு படிந்து பெருத்த கல்லீரல் இரைப்பையின் மேல் கவிந்திருக்கும். மாவுச்சத்தைக் குறைத்தால் அது சுருங்கி, மருத்துவரின் கருவிகளுக்கு இடம் விடும். அதனால் ‘கடைசியாக ஒரு பிரியாணி’ வேண்டவே வேண்டாம். சர்க்கரை நோய்க்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவரானால், பத்தியம் தொடங்கும் முன்பே மருத்துவரிடம் அளவை மாற்றி வாங்குங்கள். தினமும் நடக்கட்டும், மேடு மூச்சு வாங்கவைத்தால் சமதளம் போதும்.

மனம்தான் கடினம். குளிரும் மாலையில் இனிப்புத் தேநீரோடு கை மொறுமொறு வர்க்கி ரொட்டிக்குப் போகிறதே, அது பசியா, தனிமையா? அந்த நேரத்தை இப்போதே அவர் குறித்து வைக்கட்டும். அறுவை சிகிச்சைக்கு முன் சந்திக்கும் மனநல ஆலோசகர் கேட்கப்போவதும் இதைத்தான். அவரைத் தேர்வு அதிகாரியாக எண்ணி எதையும் மறைக்க வேண்டாம். வீட்டில் யாரும் “இன்னும் ஒரு வாய்” என்று வற்புறுத்தாதீர்கள், தயவுசெய்து.

அறுவை சிகிச்சைக்குப் பிறகு வைட்டமின் மாத்திரைகள் வாழ்நாள் முழுவதும் உண்டு. இரத்தப் பரிசோதனைக்கு மலையிறங்க யார் துணை என்பதையும் இன்றே பேசி முடிவு செய்யுங்கள்.