பரணில் கிடக்கும் மெகா டிரைவ்: கேள்வி - பதில்

கே: அம்மான் மலேசியாவிலிருந்து கொண்டுவந்த சேகா மெகா டிரைவ் வீடியோ கேம் பெட்டியும் 'ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2' சண்டை கேம் கேசட்டும் இரண்டாங்கட்டுப் பரணில் பல வருடமாகக் கிடக்கின்றன. முன்னோர் படைப்புக்குப் பங்காளிகள் கூடும்போது பிள்ளைகளுக்குப் போட்டுக் காட்டலாமா?
– வாசகர், தேவகோட்டை

ப: தாராளமாகக் காட்டலாம். ஆனால் எடுத்த எடுப்பில் கரன்ட் கொடுத்துவிடாதீர்கள். முதல் மாடலுக்கு 9 வோல்ட் டிசி, 1.2 ஆம்பியர், பின்னின் நடுவில் நெகட்டிவ். இரண்டாம் மாடலுக்கு 10 வோல்ட், 0.85 ஆம்பியர், நடுவில் பாசிட்டிவ். பழைய அடாப்டர் தொலைந்து வேறு வாங்கினால், மல்டிமீட்டரில் முனையைச் சரிபார்த்த பிறகே செருகுங்கள்.

அடுத்து, மூடியைக் கழற்றிக் கெபாசிட்டர்களை (மின்சாரத்தைத் தேக்கும் சிறு உருளைகள்) பாருங்கள். ஓட்டுக்கூரையடிச் சூட்டில் அவற்றின் ஆயுள் வேகமாகக் குறையும். அடியில் பழுப்புக் கறையோ மீன் வாடையோ இருந்தால் திரவம் கசிந்திருக்கிறது. மாற்றாமல் ஓட்டினால் போர்டின் செம்புத் தடங்களை அரித்துவிடும்.

படமே வராவிட்டால் பெரும்பாலும் கேசட்டின் தொடுமுனைகளில் அழுக்குதான். வாயால் ஊதாதீர்கள், எச்சில் ஈரம் முனையை அரிக்கும். உப்புத்தாளும் வேண்டாம்: மெல்லிய தங்கப்பூச்சு போய்விட்டால் மீட்க வழியில்லை. காது குடையும் பஞ்சுக்குச்சியில் 99 சதவீத ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்டு, முனைகளின் நீளவாக்கில் துடையுங்கள். குச்சி வெள்ளையாகவே திரும்பும்வரை மாற்றி மாற்றித் துடைத்து, பத்து நிமிடம் உலரவிட்டுச் செருகுங்கள்.

இந்தக் கேசட்டில் மூன்று பொத்தான் கன்ட்ரோலர் என்றால், குத்திலிருந்து உதைக்கு மாற ஒவ்வொரு முறையும் ஸ்டார்ட்டை அழுத்த வேண்டும். ஆறு பொத்தான் கன்ட்ரோலரைத் தேடி வாங்குங்கள், ஆட்டமே வேறாகிவிடும்.

கே: புது கேம்கள் இத்தனை வந்தும் சண்டை கேமின் மவுசு ஏன் குறையவில்லை? எல்இடி டிவியில் மட்டும் அடி தாமதமாக விழுவது ஏன்?
– வாசகி, காரைக்குடி

ப: இரண்டுக்கும் விடை நேரக்கணக்கில் இருக்கிறது. ஆர்கேடில் (காசு போட்டு ஆடும் கேம் இயந்திரத்தில்) நொடிக்கு ஏறத்தாழ 60 ஃபிரேம், அதாவது 60 படங்கள். ஒன்று சுமார் 16.7 மில்லிசெகண்ட். வேகமான குத்து மூன்று நான்கு ஃபிரேமில் வெளிவரும். எதிரில் உட்கார்ந்திருப்பவரின் மனத்தை அந்த இடைவெளிக்குள் படிக்க வேண்டும். ஆள் மாறினால் ஆட்டமும் மாறும், அதனால்தான் சலிக்கவில்லை. 1991இல் வந்த 'ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2'இல் காம்போ (அடிமேல் அடியாகத் தொடர்ந்து விழுவது) திட்டமிட்டுச் செய்ததல்ல. கார் உடைக்கும் போனஸ் கட்டத்தைச் சோதித்தபோது, ஓர் அடி முடியுமுன் இன்னொன்று விழுவதைத் தயாரிப்பாளர் நோரிடகா ஃபுனமிசு கவனித்தார்; அதை நீக்காமல் விட்டார்கள். இந்த வகை கேம்களுக்கே அதுதான் அடித்தளமானது.

எல்இடி டிவி படத்தை மெருகேற்ற 50 மில்லிசெகண்ட் எடுத்தாலே மூன்று ஃபிரேம் போய்விடும். 'கேம் மோடு' போட்டால் குறையும். பழைய பெட்டி டிவி இருந்தால் அதற்கு ஈடில்லை. அதன் பின்மூடியை மட்டும் நீங்களாகத் திறக்காதீர்கள், அணைத்த பிறகும் உள்ளே உயர் மின்னழுத்தம் தங்கியிருக்கும்.