நீலம் என்றால் துயரமா?

கேள்வி: சிவந்த நிலவின் கீழ் நீல நிற மான் ஒன்று நிற்பதாகவும், அதன் காலடியில் ஒரு கூண்டு திறந்து கிடப்பதாகவும் அமைந்த கற்பனை ஓவியம் ஒன்றைப் பார்த்தேன். நீலம் துயரத்தையும் சிவப்பு ஆபத்தையும் குறிக்கும் என்று ஒரு பட்டியலில் படித்திருக்கிறேன். அப்படியானால் இதைச் சோக ஓவியம் என்று கொள்ளலாமா?

பதில்: பட்டியலை நம்பி அந்த முடிவுக்கு வந்துவிடாதீர்கள். ஒரு வண்ணம் ஓவியத்தில் எங்கே இருக்கிறது, எதன் அருகில் இருக்கிறது, வேறெங்கேனும் மீண்டும் வருகிறதா என்பவற்றைப் பொறுத்தே அதன் பொருள் அமைகிறது.

சுவிட்சர்லாந்து ஓவியர் ஆர்னால்ட் பொக்லின், ‘இறந்தோரின் தீவு’ என்று இன்று அறியப்படும் காட்சியை 1880 முதல் 1886 வரை ஐந்து முறை தீட்டினார். செங்குத்தான பாறைகள், அவற்றின் நடுவே கரிய சைப்ரஸ் மரங்கள், தீவை நெருங்கும் படகில் வெள்ளை ஆடை போர்த்தி நிற்கும் உருவம், அதன் முன்னே ஒரு சவப்பெட்டி. பாசெல் நகரிலுள்ள முதல் ஓவியத்தில் எங்கும் இருள் கவிந்திருப்பதால், அந்த வெள்ளை உருவம்தான் முதலில் கண்ணில் படுகிறது. பெர்லினில் உள்ள 1883ஆம் ஆண்டு ஓவியத்திலோ வானம் வெளிறி, பாறைகளும் தெளிவாகத் தெரிவதால், அதே வெள்ளை சற்று அடங்கிவிடுகிறது. எனக்கு அங்கே அச்சத்தைவிட அமைதியே மேலோங்கித் தெரிகிறது. உருவத்தின் வெள்ளை மாறவில்லை, அதைச் சூழ்ந்தவைதான் மாறியிருக்கின்றன.

சைப்ரஸ் மரத்தைக் கல்லறையோடு சேர்த்துப் பார்ப்பது ஐரோப்பிய மரபு. இப்படிப் பண்பாட்டில் ஊன்றிய குறியீடுகளை அறிந்திருப்பது நல்லதுதான். ஆனால், அந்த வெள்ளை உருவமும் சவப்பெட்டியும், கணவரை இழந்த மரீ பெர்னா என்ற பெண்மணி தமக்கென ஓர் ஓவியம் கேட்டபோது, அவருடைய விருப்பப்படி சேர்க்கப்பட்டவை. பிறகு முதல் ஓவியத்திலும் அவற்றைப் பொக்லின் வரைந்தார். எந்தப் பட்டியலிலும் இது கிடைக்காது.

நீங்கள் பார்த்த ஓவியத்துக்கு வருவோம். நிலவின் சிவப்பு மானின் முதுகிலும் கொம்பிலும் படிந்திருக்கிறதா? படிந்திருந்தால் மான் அந்த நிலவின் ஆட்சிக்கு உட்பட்டது. சிறிதும் படியாமல் நீலம் தூய்மையாக நின்றால், அது துயரத்தைக் காட்டிலும் உறுதியையே உணர்த்தக்கூடும். அடுத்து, மான் முகம் திருப்பியிருப்பது கூண்டை நோக்கியா, வெளியையா என்று பாருங்கள். கூண்டின் உட்புறத்தில் அதே நீலம் சிறிதளவேனும் தீட்டப்பட்டிருந்தால், மான் அதிலிருந்து வெளிவந்தது என்று துணிந்து சொல்லலாம்; அப்போது இதை விடுதலையின் ஓவியமாகவே நான் வாசிப்பேன்.