லேப்டாப் அவர்களுடையது, ஞாயிற்றுக்கிழமை யாருடையது?

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ‘காண்ட்ராக்ட்’ வேலை பற்றியவை. நம் ஊரில் இந்த ஒரு சொல்லுக்குள் மூன்று விதமான ஆட்கள் இருக்கிறார்கள். குறிப்பிட்ட காலத்துக்கு நிறுவனமே நேரடியாக நியமித்தவர் ஒருவர். ஏஜென்சியிடம் சம்பளம் வாங்கிக்கொண்டு வேறொரு நிறுவனத்தில் வேலை பார்ப்பவர் இன்னொருவர். மூன்றாமவர், இந்த வேலைக்கு இவ்வளவு என்று பில் அனுப்பிப் பணம் வாங்கும் தனித்தொழிலர். முதல் இருவரும் ஊழியர்கள், மூன்றாமவர் வியாபாரி. பி.எஃப். பிடித்தம் இருந்தால் நீங்கள் முதல் இருவரில் ஒருவர். தொழில்முறைக் கட்டணம் என்று 10 சதவீத வரி பிடித்துக்கொண்டு மீதியைத் தருகிறார்கள் என்றால், காகிதத்தில் நீங்கள் மூன்றாமவர். பதில்கள் எல்லாம் இதைப் பொறுத்தே மாறும்.

ஏஜென்சி மூலம் ஒரு தனியார் நிறுவனத்தின் வாடிக்கையாளர் சேவைப் பிரிவில் இருக்கிறேன். தினமும் வேலை முடிந்த பிறகு இரண்டு இடங்களில் டைம்ஷீட் நிரப்ப வேண்டும், முக்கால் மணி நேரம் போய்விடுகிறது. மாதம் ஒரு ஞாயிறு மூன்று மணி நேரம் கட்டாய ஆன்லைன் பயிற்சி. எதற்கும் பணம் இல்லை. — வாசகி, சென்னை

செய்யாவிட்டால் கேள்வி கேட்பார்கள் என்றால் அது வேலைதான். டைம்ஷீட் நிரப்பிய நேரத்தை எழுத டைம்ஷீட்டில் இடம் இருக்காது என்பது இந்தத் தொழிலின் பழைய வேடிக்கை. காரணம் எளிது. உங்கள் நேரத்துக்கு ஏஜென்சி அந்த நிறுவனத்திடம் பில் போடுகிறது. பில் போட முடியாத நேரத்தைக் கணக்கில் காட்ட அதற்கு விருப்பமில்லை.

தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் 1947-இன்படி வேலை நேரம் நாளுக்கு 8 மணி, வாரத்துக்கு 48 மணி. அதற்கு மேல் வாங்கும் வேலைக்கு இரட்டிப்பு ஊதியம் தர வேண்டும். மேலாளர் பொறுப்பில் இருப்பவர்களுக்கு இது பொருந்தாது. உணவு இடைவேளையைக் கழித்துவிட்டுக் கணக்குப் போடுங்கள். நாளுக்கு எட்டு, வாரத்துக்கு 48 மணிக்குள் அடங்கினால் கேட்க ஒன்றுமில்லை, தாண்டினால் உண்டு.

ஆனால் முதல் கடிதத்திலேயே சட்டப் பெயரை எழுதாதீர்கள். ஒரு மாதம் தேதி, நேரம் குறித்து வையுங்கள். பிறகு, “இந்த மாதம் இத்தனை மணி நேரத்தை எந்தத் தலைப்பில் பதிவு செய்ய வேண்டும்?” என்று ஏஜென்சிக்கு மின்னஞ்சல் அனுப்பி, அலுவலக மேலாளருக்கும் நகல் வையுங்கள். இதற்கு எழுத்தில் பதில் சொல்வது அவர்களுக்குச் சங்கடம். பல இடங்களில் டைம்ஷீட் நிரப்பும் வேலை ஷிப்டுக்குள் வந்துவிடுவது இப்படித்தான். ஏஜென்சி ஊதியத்தைக் கொடுக்காமல் விட்டால், வேலை வாங்கிய முதன்மை நிறுவனமே அதற்குப் பொறுப்பு என்பதையும் நினைவில் வையுங்கள்.

திருச்சியிலிருந்து வரும்போது பஸ்ஸில் கம்பெனி லேப்டாப் திருடு போய்விட்டது. என் சம்பளம் 22,000 ரூபாய். என்னிடம் எதுவும் விசாரிக்காமல், லேப்டாப் விலை 58,000 என்று சொல்லி, முழுச் சம்பளத்தையும் பிடித்துக்கொண்டார்கள். — வாசகர், விழுப்புரம்

இதில் மூன்று தவறுகள் நடந்திருக்கின்றன.

ஒன்று, உங்களை விசாரிக்கவில்லை. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறையில் உள்ள ஊதியச் சட்டத் தொகுப்பு 2019 ஆகட்டும், அதற்கு முன்பிருந்த 1936-ஆம் ஆண்டு ஊதியச் சட்டமாகட்டும், சொல்வது ஒன்றுதான்: ஒப்படைத்த பொருள் தொலைந்ததற்கு உங்கள் கவனக்குறைவே நேரடிக் காரணமாக இருந்தால்தான் பிடித்தம் செய்யலாம். அதற்கு முன் விளக்கம் சொல்ல வாய்ப்புத் தர வேண்டும். இரண்டு, எல்லாப் பிடித்தமும் சேர்ந்து ஊதியத்தில் பாதிக்கு மேல் போகக் கூடாது. முழுச் சம்பளத்தையும் பிடிக்க வழியே இல்லை. மூன்று, இழப்புக்கு மேல் ஒரு ரூபாயும் பிடிக்கக் கூடாது. மூன்று வருடம் ஓடிய லேப்டாப்பின் இழப்பு, வாங்கிய விலை ஆகாது. பில்லும், கணக்கேட்டில் இன்றைய மதிப்பும் கேளுங்கள். காப்பீடு இருந்ததா என்றும் கேளுங்கள். இருந்தால் அந்தத் தொகை யாருக்குப் போனது என்ற அடுத்த கேள்வி தானாக வரும்.

இனி உங்கள் பக்கம். பையை மடியில் வைத்திருந்தீர்களா, மேலே வைத்துவிட்டுத் தூங்கினீர்களா? 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டம், பிறர் பொருளை வைத்திருப்பவர் சாதாரண விவேகமுள்ள ஒருவர் தன் பொருளைப் பார்த்துக்கொள்ளும் அளவு கவனம் காட்டினால் போதும் என்கிறது. அதை விளக்கக் கடிதத்தில் நேர்மையாக எழுதுங்கள். காவல் நிலையத்தில் புகார் கொடுத்து முதல் தகவல் அறிக்கை, குறைந்தபட்சம் புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீதாவது வாங்கியிருக்க வேண்டும். இன்னும் வாங்கவில்லை என்றால் இன்றே போங்கள். அது இல்லாமல் உங்கள் கதைக்குச் சாட்சி நீங்கள் மட்டும்தான்.

கடைசி மாதச் சம்பளம் தரவில்லை. தரும்வரை லேப்டாப்பைக் கொடுக்காமல் இருக்கலாமா? — வாசகர், ஓசூர்

கூடாது. இந்தக் கோபம் எனக்குப் புரிகிறது. ஆனால் பணம் தராததால் அவர்கள் மீது இருக்கும் வழக்கு, லேப்டாப்பை வைத்துக்கொண்ட நொடியில் உங்கள் மீது நம்பிக்கை மோசடிப் புகாராகத் திரும்பிவிடும். சார்ஜர், அடையாள அட்டை உட்பட எல்லாவற்றையும் வரிசை எண் தெரியப் படம் எடுத்து, நேரில் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். வெளியூர் என்றால், “கூரியர் ஏற்பாடு செய்யுங்கள், பொருள் தயாராக இருக்கிறது” என்று எழுதுங்கள். பிறகு கேளுங்கள்: வேலையை விட்டவருக்கு இரண்டு வேலை நாட்களுக்குள் ஊதியக் கணக்கை முடிக்க வேண்டும் என்கிறது புதிய தொகுப்பு. அதற்கும் அசையாவிட்டால் தொழிலாளர் துறை அலுவலகம்.

லேப்டாப்புக்கு ஈடாக, தொகை எழுதாமல் கையெழுத்திட்ட காசோலை கேட்கிறார்கள். — வாசகி, கோவை

கொடுக்காதீர்கள். அசல் பட்டச் சான்றிதழ் கேட்டாலும் இதே பதில்தான்.

நான் தனித்தொழில் மொழிபெயர்ப்பாளர். ஒரு நிறுவனம் பதிவுப் படிவம், இலவச மாதிரி, வாராந்திரக் கூட்டம், அவர்கள் தளத்திலேயே இன்வாய்ஸ் என்று இழுக்கிறது. — வாசகர், மதுரை

உங்களுக்கு ஊதியச் சட்டம் துணைக்கு வராது. விலைதான் உங்கள் சட்டம். 4,000 சொற்களுக்கு 6,000 ரூபாய் வாங்கி 12 மணி நேரம் உழைத்தால் மணிக்கு 500 ரூபாய். மேலே ஐந்து மணி நேரம் படிவத்துக்கும் கூட்டத்துக்கும் போனால் 353 தான். வெளியே சொல்லும் விலை அப்படியே இருக்கிறது, உள்ளே கிட்டத்தட்ட 30 சதவீதம் கரைந்துவிட்டது. மாதம் ஒரு மணி நேரக் கூட்டம் விலைக்குள் அடங்கும், அதற்கு மேல் மணிக்கு இவ்வளவு என்று அடுத்த விலைப்பட்டியலில் தனி வரி சேருங்கள். முகம் சுளித்தால் கூட்டங்கள் குறையும். அதுவும் லாபம்தான்.

குறு, சிறு, நடுத்தரத் தொழில்களுக்கான அரசின் ‘உத்யம்’ பதிவு இல்லை என்றால் செய்துகொள்ளுங்கள், கட்டணம் கிடையாது. பதிவுள்ள குறு, சிறு தொழிலுக்கு எழுத்து ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாட்களுக்குள் பணம் தர வேண்டும் என்கிறது 2006-ஆம் ஆண்டு குறு, சிறு, நடுத்தரத் தொழில் மேம்பாட்டுச் சட்டம். தாமதித்தால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல் மூன்று மடங்கு கூட்டுவட்டி. இந்த ஒரு வரியை இன்வாய்ஸின் அடியில் அச்சிட்டுவையுங்கள்.

கம்பெனி லேப்டாப்பில் என் வாட்ஸ்அப், வங்கிக் கணக்கு எல்லாம் திறந்திருக்கின்றன. பரவாயில்லையா? — வாசகி, சேலம்

இன்று மாலையே அந்தக் கணக்குகளிலிருந்து வெளியேறுங்கள். வேலை முடியும் நாளில் நீங்கள் கிளம்புவதற்கு முன்பே அந்த லேப்டாப்பின் கடவுச்சொல் மாறிவிடும். பிள்ளையின் பிறந்தநாள் படங்களைக் கேட்டு ஐ.டி. பிரிவுக்கு மனு எழுதியவர்களை எனக்குத் தெரியும்.