படங்களை வரிசையாக அடுக்க: சிஎஸ்எஸ் செலக்டர் கேள்வி பதில்

கேள்வி: சார், வரிசைக்கு நான்கு படம் வர 25% அகலம் கொடுத்தேன். 12 பிக்சல் மார்ஜின் விட்டதும் நான்காவது படம் கீழே விழுகிறது. அதற்கு மட்டும் மார்ஜினை எடுக்க படத்துக்கு, ஒவ்வொரு நான்காவதையும் பிடிக்கும் என்த்-சைல்ட்(4என்) போட்டேன், எதுவும் நடக்கவில்லை.

பதில்: கணக்கைப் பாருங்கள். பெட்டி 1000 பிக்சல் என்றால் நான்கு படத்துக்கே அது தீர்ந்துவிட்டது. நான்காவதன் மார்ஜினை எடுத்தாலும் மற்ற மூன்றின் 36 பிக்சலுக்கு இடம் எங்கே? அப்புறம், உங்கள் கோடில் ஒவ்வொரு படமும் தனித்தனி ஃபிகர் டேகுக்குள் இருக்கிறது. என்த்-சைல்ட் ஒரே தாய்க்குப் பிறந்தவர்களைத்தான் எண்ணும். அவரவர் ஃபிகருக்குள் எல்லாப் படமும் தலைப்பிள்ளை, நான்காவது என்று யாருமே இல்லை. ஃபிகருக்குப் போட்டால் பிடிக்கும். அதே பெட்டிக்குள் ஒரு தலைப்பு டேக் இருந்தால் அதையும் சேர்த்து எண்ணிவிடும், அப்போது ஒரே வகை டேகை மட்டும் எண்ணும் என்த்-ஆஃப்-டைப் போடுங்கள்.

ஆனால் நான் சொல்வது, வரிசையை எண்ணவே எண்ணாதீர்கள். நான்கு என்பது உங்கள் மானிட்டரில்தான், டேப்லெட்டில் மூன்று, போனில் இரண்டு. திரை அகலத்துக்கு ஏற்ப விதி மாற்றும் ஒவ்வொரு மீடியா குவெரியிலும் பழைய 4என் விதியை ரத்து செய்துவிட்டு 3என் எழுத வேண்டும், ரத்து செய்ய மறந்தால் எங்கோ நடுப்படத்துக்கு இடைவெளி காணாமல் போகும். 2017 முதலே குரோம், ஃபயர்ஃபாக்ஸ், சஃபாரி மூன்றிலும் கட்டம் கட்டமாக அடுக்கும் கிரிட் இருக்கிறது. பெட்டிக்கு டிஸ்பிளே கிரிட், கேப் 12 பிக்சல், காலம் (நெடுவரிசை) அளவுக்கு ரிப்பீட்(ஆட்டோ-ஃபில், மின்மேக்ஸ்(மின்(100%, 220பிக்சல்), 1எஃப்ஆர்)). எத்தனை காலம் என்பதை பிரவுசரே முடிவு செய்யும். உள்ளே அந்த மின் இல்லாவிட்டால் 220-ஐ விடக் குறுகிய பெட்டியில் படம் வெளியே பிதுங்கும்.

படத்துக்கு அகலம், உயரம் இரண்டையும் எச்டிஎம்எல்லிலேயே எழுதுங்கள். இல்லாவிட்டால் படம் வந்து சேரும்போது பக்கமே குதிக்கும்.

கேள்வி: படத்துக்கு அடியில் சின்னதாக ஒரு இடைவெளி?

பதில்: டிஸ்பிளே பிளாக். படமும் எழுத்து மாதிரி வரியில் உட்காருவதால் வருவது அது.

கேள்வி: 25% போட்டால் நாலாவது கீழே போகுது.

பதில்: முதல் பதில்.

கேள்வி: கல்யாண ஆல்பம் ஒன்று செய்கிறேன். அகலப் படங்களுக்கு ஒரு கிளாஸ் கொடுத்து இரண்டு காலம் ஸ்பேன் செய்தேன், நடுநடுவே ஓட்டை விழுகிறது. டென்ஸ் போடலாமா?

பதில்: அகலப் படத்தை எண்ணால் பிடிக்காமல் கிளாஸால் பிடித்தீர்களே, அதுதான் சரி. ஆனால் ஸ்பேன் விதியை 600 பிக்சலுக்கு மேல் என்ற மீடியா குவெரிக்குள் வையுங்கள், ஒரே காலம் இருக்கும் போனில் அது இல்லாத இரண்டாவது காலத்தை உருவாக்கிவிடும். டென்ஸ் வேண்டாம்.

இன்னொருவர்: ஏன் வேண்டாம்? ஓட்டையை அடைக்கத்தானே டென்ஸ். போட்டோவுக்கு என்ன வரிசை?

பதில்: கல்யாண போட்டோவுக்கா வரிசை இல்லை? தாலி கட்டும் படம் அகலம், வரிசையில் ஒரு காலம்தான் மிச்சம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அது அடுத்த வரிசைக்கு இறங்கும், பின்னால் இருக்கும் அம்மி மிதிக்கும் படம் அந்த ஓட்டைக்கு ஏறும். தாலிக்கு முன்னால் அம்மி! டேப் கீயும் ஸ்கிரீன் ரீடரும் கோடின் வரிசையிலேயே போகும், கண்ணுக்குத் தெரிவது வேறாக இருக்கும்.

அதே நபர்: துணிக்கடை டிசைன் படங்களுக்கு?

பதில்: எல்லாம் ஒரே மாதிரி, தட்டினால் எங்கும் போகாது என்றால் தாராளமாகப் போடுங்கள். வரிசைக்கு அர்த்தம் உள்ள இடத்தில் ஓட்டையே மேல்.

கேள்வி: அண்ணா, சரியாக மூன்றே படம் இருந்தால் மட்டும் வேறு அடுக்கு வேண்டும். ஜாவாஸ்கிரிப்ட் இல்லாமல்?

பதில்: நல்ல கேள்வி. எண்ணும் செலக்டருக்கு உண்மையான வேலை இங்கேதான். ஒரு ஃபிகர் ஃபர்ஸ்ட்-சைல்டாகவும் என்த்-லாஸ்ட்-சைல்ட்(3) ஆகவும் ஒரே நேரத்தில் இருந்தால் மொத்தம் மூன்றுதான். அதை ஹேஸ்-க்குள் போட்டால் பெட்டியையே பிடிக்கலாம். 2023 டிசம்பரில் ஃபயர்ஃபாக்ஸ் 121 வந்ததிலிருந்து எல்லா முக்கிய பிரவுசரிலும் ஓடுகிறது. அகலம், உயரம் எழுதினீர்களா?

கேள்வி: வேர்ட்பிரஸ் தீமில் கேலரி உடைகிறது.

பதில்: தீம் செய்தவரிடம் கேளுங்கள், அவர்கள் கோட் என்னிடம் இல்லை.

கேள்வி: சார், நாலாவது படம்...

பதில்: மேலே. 36 பிக்சல்.