புருஸ்கெட்டாவும் ஒரு சிரிப்பும்

கேள்வி: போன மாதம் என் கணவரின் மேலதிகாரி எங்களையும் இன்னும் இரண்டு தம்பதிகளையும் பெரிய உணவகம் ஒன்றுக்கு அழைத்திருந்தார். மெனு கார்டைப் பார்த்து நான் "புருஸ்கெட்டா" (சுட்ட ரொட்டியின் மேல் தக்காளி வைத்துத் தருவார்களே, அது) கேட்டேன். "அது புருஷெட்டா, மேடம்" என்று பரிமாறுபவர் முன்னாலேயே மேலதிகாரி திருத்தினார். எல்லோரும் சிரித்தார்கள். என் கணவரும் சிரித்தார். பிறகு மேலதிகாரி "மோவே" என்று ஒரு ஷாம்பெயின் வரவழைத்து, முதலில் ஊற்றிய கொஞ்சத்தைச் சுழற்றி முகர்ந்து நீளமாக வர்ணித்தார். அதற்கப்புறம் நான் வாயே திறக்கவில்லை. அடுத்த மாதமும் போக வேண்டியிருக்கிறது. இந்தப் பெயர்களைச் சரியாகச் சொல்ல எங்கே கற்றுக்கொள்வது?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: அன்புச் சகோதரி, நீங்கள் சொன்னதுதான் சரி. இத்தாலிய மொழியில் 'சி', 'எச்' எழுத்துகள் (ch) சேர்ந்து வந்தால் 'க' ஓசைதான். புருஸ்கெட்டா, கியாந்தி என்ற ஒயின் எல்லாம் அப்படித்தான். ஞோக்கி என்று உருளைக்கிழங்கு உருண்டை ஒன்று மெனுவில் இருந்திருக்கும். அதன் முதல் ஓசைக்குப் பலர் தடுமாறுவார்கள். நமக்கோ 'ஞ' கையிலேயே இருக்கிறது. அதே 'சி', 'எச்' பிரெஞ்சில் 'ஷ' ஆகும். ஷாம்பெயின், ஷெஃப் அப்படி வந்தவை. அந்த விதியைத்தான் அவர் இத்தாலியப் பெயரின் மேல் போட்டுவிட்டார்.

மோவே கதையும் இதேதான். பிரெஞ்சில் கடைசி 'ட்' பெரும்பாலும் ஒலிக்காது. ஒயின் வகைகளை மெர்லோ, கபெர்னே என்போம். ஆனால் 1743-ல் அந்த ஷாம்பெயின் நிறுவனத்தைத் தொடங்கிய க்ளோத் மோயெட்டின் பெயரில் 'ட்' ஒலிக்கும். புட்டியின் மேல் 'ப்ரூட்' என்று போட்டிருப்பார்களே, இனிப்புக் குறைந்தது என்று பொருள், அதிலும் ஒலிக்கும்.

முதலில் கொஞ்சம் ஊற்றிக் கொடுப்பது எதற்கென்றால், ஒயின் கெட்டுப்போயிருக்கிறதா என்று பார்க்க. தக்கையிலிருந்து ட்ரைகுளோரோஅனிசோல் என்ற பொருள் இறங்கிவிட்டால் நனைந்த அட்டைப்பெட்டி வாடை அடிக்கும். அது இல்லையென்றால் தலையசைத்தால் போதும். வர்ணனையைப் பார்த்து மிரளாதீர்கள். 2001-ல் வெளியான ஓர் ஆய்வில், பிரான்ஸின் போர்தோ நகரில் ஃப்ரெடரிக் ப்ரோஷே என்பவர் வெள்ளை ஒயினில் சிவப்புச் சாயம் கலந்து, ஒயின் படிக்கும் 54 மாணவர்களிடம் கொடுத்தார். சிவப்பு ஒயினுக்குச் சொல்லும் வார்த்தைகளாலேயே அதை வர்ணித்தார்கள்.

இதையெல்லாம் சொல்வது, அடுத்த விருந்தில் நீங்கள் அவரைத் திருத்துவதற்காக இல்லை. தயவுசெய்து செய்யாதீர்கள். 'ழ' வராத ஒருவர் நம்மிடம் பழம் கேட்டால் பழத்தைத்தான் எடுத்துக் கொடுப்போம். நல்ல பரிமாறுநர்களைக் கவனித்திருக்கிறேன். விருந்தினர் பெயரை எப்படிச் சொன்னாலும் அதைத் திருத்திச் சொல்ல மாட்டார்கள். கார்டில் அந்த வரியின் மேல் பேனா முனையை வைத்து, "இதுதானே?" என்பார்கள். தெரியாத பெயர் வந்தால் நீங்களும் வரியைக் காட்டி, "இதை எப்படிச் சொல்றது?" என்று பரிமாறுபவரிடமே கேளுங்கள். நீங்கள் தேடும் வகுப்பு அதுதான்.

ஆனால் உங்கள் கடிதத்தில் என்னை உறுத்திய வரி வேறு. 'என் கணவரும் சிரித்தார்.' மூன்றே வார்த்தையில் சொல்லிவிட்டு நகர்ந்துவிட்டீர்கள். மேலதிகாரி மட்டும் சிரித்திருந்தால் அது அன்றைய ராத்திரியோடு போயிருக்கும், ஒரு மாதம் கழித்து எனக்குக் கடிதம் எழுதியிருக்க மாட்டீர்கள் என்று நினைக்கிறேன். உங்கள் கணவருக்கும் அங்கே தர்மசங்கடம்தான், வேலை கொடுப்பவர் எதிரில் உட்கார்ந்திருக்கிறார். இருந்தாலும் இதைப் பேசாமல் விடாதீர்கள். வீட்டில், வேறு யாரும் இல்லாதபோது, "அன்னைக்கு நீங்களும் சேர்ந்து சிரிச்சது எனக்கு வலிச்சுது" என்று சொல்லுங்கள். "அது புருஷெட்டாதானே?" என்று அவர் பேச்சை உச்சரிப்புப் பக்கம் திருப்பக்கூடும். அந்தப் பக்கம் போகாதீர்கள். நீங்கள் சொன்னது தப்பாகவே இருந்திருந்தாலும் அவர் சிரித்திருக்கக் கூடாது.

இதைப் பேசி முடித்துவிட்டு விருந்துக்குப் போங்கள். பிடித்திருந்தால் புருஸ்கெட்டாவையே கேளுங்கள், அன்று சொன்ன மாதிரியே. யாராவது திருத்தினால், "எனக்கு இப்படித்தான் பழக்கம் சார்" என்று சொல்லிவிட்டு, பரிமாறுபவர் பக்கம் திரும்பி அடுத்து வேண்டியதைச் சொல்லுங்கள்.