அரிக்கும் நொதியும் ஒட்டும் நொதியும்

ஐயா,

உயிருள்ள செல்லுக்குள் ஒரு புரதத்தை நொதியின் உதவியால் அடையாளமிட்டு நுண்ணோக்கியில் பார்ப்பது பற்றிய உங்கள் கட்டுரையைப் படித்தேன். நான் வாணியம்பாடியில் தோல் தொழிற்சாலையில் வேலை செய்பவன். சுண்ணாம்பு நீக்கிய தோலை மென்மையாக்க டிரம்மில் நொதித்தூள் போடுவோம். நேரம் சற்றுக் கூடினாலும் தோல் கெட்டுவிடும். புரதத்தை அரிக்கும் அப்படிப்பட்ட பொருளைச் செல்லுக்குள் விட்டால் செல் பிழைக்குமா? ஒளிரும் புரதம் இருக்கும்போது நொதி எதற்கு?

வாசகர், வாணியம்பாடி

அன்புள்ள வாசகருக்கு,

உங்கள் ஐயத்துக்கு என் கட்டுரையே காரணம். எந்த வேலையைச் செய்யும் நொதி என்று பிரித்துச் சொல்லாமல் விட்டுவிட்டேன். நீங்கள் டிரம்மில் போடுவது புரதச் சங்கிலியை வெட்டும் வகை. நான் எழுதியது லிகேஸ் எனப்படும் இணைக்கும் வகை. அது செல்லின் எரிபொருளான ஏ.டி.பி.யின் ஆற்றலைக் கொண்டு ஒரு சிறு மூலக்கூறைப் புரதத்தின் குறிப்பிட்ட ஒரு லைசின் (புரதச் சங்கிலியின் கண்ணிகளான அமினோ அமிலங்களில் ஒன்று) மீது பிணைத்துவிட்டு விலகிக்கொள்ளும். செல்லுக்குள் அதை யாரும் ஊற்றுவதுமில்லை. அதற்கான மரபணுவைக் கொடுத்தால் செல்லே அதைத் தயாரித்துக்கொள்கிறது.

பார்க்க வேண்டிய புரதத்தோடு இணைத்துக் காட்டும் பச்சை ஒளிரும் புரதத்தை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். 2008இல் வேதியியல் நோபல் பரிசு அதற்குத்தான் கிடைத்தது. ஆனால் அது 238 அமினோ அமிலங்கள் கொண்டது. செல்லின் எலும்புக்கூடு போன்ற ஆக்டினில் இருப்பதே 375தான். அவ்வளவு பெரிய சுமையை ஏற்றினால் ஆக்டின் இழையாகக் கோத்துக்கொள்வதிலேயே இடையூறு நேரலாம். சலவைக்குப் போகும் வேட்டியில் சேங்கொட்டைக் குறியை ஓரத்தில் சிறிதாகத்தானே இடுகிறார்கள்?

அத்தகைய சிறு குறிக்கு வழி காட்டியது ஈ.கோலை பாக்டீரியாவின் பயோட்டின் லிகேஸ். அந்த பாக்டீரியாவின் ஆயிரக்கணக்கான புரதங்களில் ஒன்றே ஒன்றில்தான் அது பயோட்டின் என்ற வைட்டமினை ஒட்டுகிறது. அந்தக் கறார் குணத்தை நம்பி, அமெரிக்க வேதியியலாளர் ஆலிஸ் டிங்கின் குழுவினர் 2005இல், தாம் பார்க்க விரும்பிய புரதத்துடன் 15 அமினோ அமிலங்களாலான வாலைச் சேர்த்தார்கள். நொதி அந்த வாலை மட்டும் இனங்கண்டு பயோட்டினை ஒட்டியது. ஆனால் பயோட்டினுக்குத் தானாக நிறமில்லை. அதைப் பற்றிக்கொள்ளும் ஸ்ட்ரெப்டாவிடின் என்ற புரதத்தின் வழியாகத்தான் சாயத்தைக் கொண்டுசெல்ல வேண்டும். அதுவோ செல்லின் சவ்வைத் தாண்டாது. ஆகவே செல்லின் மேற்பரப்பிலுள்ள புரதங்களை மட்டுமே பார்க்க முடிந்தது.

அந்தத் தடையைத் தாண்டிய விதம்தான் எனக்கு மிகவும் பிடித்தது. 2010இல் அதே குழு, லிப்போயிக் அமில லிகேஸ் என்ற மற்றொரு நொதியின் 37ஆம் இடத்திலிருந்த டிரிப்டோஃபான் என்ற பருத்த அமினோ அமிலத்தை நீக்கி, வேலின் என்ற சிறியதை வைத்தது. நொதியின் குழி அகன்றது. நீல ஒளி உமிழும் கூமரின் சாயமே அதற்குள் நேராக அமர்ந்தது, ஸ்ட்ரெப்டாவிடினின் தேவையே இல்லாமல் போனது. வால் 13 அமினோ அமிலங்களாகச் சுருங்கியது.

நீங்கள் அஞ்சிய வெட்டும் நொதியும் இங்கே வருகிறது என்பது வேடிக்கை. மின்சுமை கொண்ட சாயம் சவ்வைக் கடக்காது என்பதால் அந்தச் சுமையை எஸ்டர் என்ற வேதிப் பிணைப்பால் மூடி அனுப்புகிறார்கள். உள்ளே போனதும் செல்லின் சொந்த எஸ்டரேஸ் நொதிகள் மூடியை வெட்டி எறிகின்றன. அவை வெட்டுவது எஸ்டர் பிணைப்பை, புரதத்தை அல்ல.

குறை ஒன்று உண்டு, அது உங்களுக்குச் சொல்லாமலே புரியும். ஒட்டாமல் மிஞ்சிய சாயம் செல்லை விட்டு வெளியேறும்வரை கழுவிக் காத்திருக்க வேண்டும். அவசரப்பட்டால் செல் முழுவதும் நீலமாகத் தெரியும், ஆக்டின் எது என்று பிரித்தறிய முடியாது.