எந்த மாதம் கிளம்பலாம்? அப்பலாச்சியன் டிரெயிலுக்கு ஒரு தேதிக் கணக்கு

கேள்வி: எனக்கு 43 வயது. அமெரிக்காவின் அப்பலாச்சியன் டிரெயில் முழுவதையும் ஒரே பயணத்தில் நடந்து முடிக்க ஆசை. தெற்கே ஜார்ஜியாவில் தொடங்கி வடக்கே போகலாம் என்றிருக்கிறேன். சுற்றுலா விசாவில் வருவதால் ஆறு மாதம்தான் தங்க முடியும். நான் வேகமாக நடப்பவன் இல்லை. குளிரும் அவ்வளவாகத் தாங்காது. மார்ச் முதல் வாரமே கிளம்பிவிட வேண்டும் என்கிறார்கள். அது சரியா?

பதில்: உங்களுக்கு மார்ச் வேண்டாம். ஏப்ரல் 10-ஐ ஒட்டிக் கிளம்புங்கள். இந்தத் தேதி எப்படி வந்தது என்று சொல்லிவிடுகிறேன். உங்கள் வேகமோ விடுப்போ மாறினால் நீங்களே கணக்கைத் திருத்திக்கொள்ளலாம்.

நீண்ட நடைக்குத் தேதி குறிக்கும்போது முதலில் பார்க்க வேண்டியது முடியும் நாளை. இந்தப் பாதை ஏறத்தாழ 3,500 கி.மீ. நீளம். 14 மாநிலங்களைக் கடந்து மெய்ன் மாநிலத்தின் கட்டாடின் மலை உச்சியில் முடிகிறது. அந்த மலை இருக்கும் பாக்ஸ்டர் மாநிலப் பூங்காவில் அக்டோபர் 15-க்குப் பிறகு இரவு தங்க முடியாது. வானிலை மோசமானால் அதற்கு முன்பே மலையேற்றத்தை நிறுத்திவிடுவார்கள். உங்கள் விஷயத்தில் அதற்கும் முன்னால் இன்னொரு கெடு இருக்கிறது. ஏப்ரல் 6-ஆம் தேதி வந்து இறங்கினால், ஆறு மாதம் என்பது அக்டோபர் 5 வரைதான். (நுழையும்போது தரப்படும் தேதியே செல்லும். அதை அன்றைக்கே பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள்.) ஆகவே செப்டம்பர் கடைசியில் உச்சியில் நிற்க வேண்டும்.

அங்கிருந்து பின்னோக்கி எண்ணுங்கள். பெரும்பாலானோருக்கு ஐந்து முதல் ஏழு மாதம் ஆகிறது. ஓய்வு நாட்களையும் சேர்த்து 170 நாள் என்று வைத்தால், சராசரியாக நாளுக்கு 20 கி.மீ.க்குச் சற்று மேல். வாரம் ஒரு நாள் ஓய்வெடுத்தால் நடக்கிற நாட்களில் 24 கி.மீ. வரும். முதல் மாதம் இது முடியாது, முயலவும் கூடாது. கால் பழகியபின் நிதானமாக நடப்பவர்களுக்கும் கைகூடும் அளவுதான். ஏப்ரல் 10-இல் தொடங்கினால் 170-ஆவது நாள் செப்டம்பர் 27 வாக்கில் வரும்.

இன்னும் நாற்பது நாள் முன்பே, மார்ச் முதல் தேதியே தொடங்கினால் கூடுதல் பாதுகாப்புதானே என்று தோன்றும். அங்கேதான் பலர் தவறுகிறார்கள். தெற்கே தொடங்குவதால் வெயில் பக்கம் தொடங்குகிறோம் என்ற எண்ணம்தான் காரணம். இந்தப் பாதையின் குளிரான பகுதிகளில் ஒன்று முதல் 320 கி.மீ.க்குள்ளேயே வந்துவிடுகிறது.

1918-இல் ஆண்ட்ரூ ஹாப்கின்ஸ் என்ற அமெரிக்கப் பூச்சியியலாளர் ஒரு கணக்கை வெளியிட்டார். அட்சரேகையில் ஒரு பாகை வடக்கே போனால் வசந்தம் நான்கு நாள் தாமதமாக வரும். 400 அடி உயரம் ஏறினாலும் அதே நான்கு நாள் தாமதம். துல்லியமான விதி என்று சொல்ல முடியாது, ஆனால் கிழக்கு அமெரிக்க மலைகளுக்கு நல்ல கைக்கணக்கு. இதை நம் பாதையில் வைத்துப் பாருங்கள். தொடக்கமான ஸ்பிரிங்கர் மலையின் உயரம் 1,153 மீட்டர். கிரேட் ஸ்மோக்கி மலைகளில் இருக்கும் கூவோஹி சிகரம் 2,025 மீட்டர். முழுப் பாதையிலும் இதுதான் உயரமான இடம். 2024 வரை இதன் பெயர் கிளிங்மன்ஸ் டோம், பழைய வரைபடங்களில் அப்படித்தான் இருக்கும். உயர வித்தியாசம் 2,860 அடி, அட்சரேகை வித்தியாசம் ஒரு பாகைக்குச் சற்றுக் குறைவு. இரண்டையும் சேர்த்தால் மேலே வசந்தம் ஒரு மாதம் பிந்தி வருகிறது.

அந்தத் தூரத்தை நீங்கள் சுமார் 20 நாளில் நடப்பீர்கள். அதாவது மூன்று வாரம் நடந்தபின், கிளம்பிய நாளைவிடப் பின்தங்கிய பருவத்தில் நிற்பீர்கள். மார்ச் 1 அன்று கிளம்பினால் மார்ச் 21 வாக்கில் கூவோஹியில் இருப்பீர்கள். அங்கே அப்போது இருப்பது ஸ்பிரிங்கரின் பிப்ரவரி நடுப்பகுதி. பனி, உறைந்த பாறை, உறைநிலைக்கும் கீழே போகும் இரவு எல்லாம் உண்டு. ஏப்ரல் 10-இல் கிளம்பினால் அங்கே மார்ச் கடைசிக்குச் சமமான பருவம் கிடைக்கும். அப்போதும் குளிர் இருக்கும், ஆனால் குளிர் தாங்காதவரும் சமாளித்துவிடலாம்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பனியைவிட நான் அஞ்சுவது மூன்று, நான்கு டிகிரியில் பெய்யும் மழையை. பனி உடையில் விழுந்தால் தட்டிவிடலாம். மழை உள்ளே இறங்கிவிடும். நனைந்த உடை, மலைமுகட்டுக் காற்று, களைத்துப்போன உடம்பு மூன்றும் சேர்ந்தால் உடல்வெப்பம் ஆபத்தான அளவுக்கு இறங்கிவிடும். கை மரத்துப்போய்க் கூடாரத்தின் ஜிப்பைக்கூட இழுக்க முடியாத நிலை வரும்போது உதவி தூரத்தில் இருக்கும். மார்ச் மாத ஜார்ஜியாவிலும் வட கரோலினாவிலும் இப்படிப்பட்ட நாட்கள் சகஜம். ஏப்ரலிலும் வரும், ஆனால் குறைவு. அதனால் எப்போது கிளம்பினாலும் ஒரு ஜோடி உலர்ந்த உடையைத் தண்ணீர் புகாத பையில் தனியாக வைத்திருங்கள். இரவில் படுக்க மட்டும்தான் அது. காலையில் ஈர உடையை மறுபடி போட்டுக்கொண்டு நடப்பது கொடுமைதான், அப்படியே நடந்தாக வேண்டும். மைனஸ் 7 டிகிரிக்கு ஏற்ற ஸ்லீப்பிங் பேக்கை வர்ஜீனியாவின் மவுண்ட் ரோஜர்ஸ் மேட்டைத் தாண்டும் வரை விடாதீர்கள். வெயில் வந்துவிட்டதே என்று முன்கூட்டியே அதைத் திருப்பி அனுப்பிவிட்டு நடுங்குகிறவர்கள் உண்டு.

கூட்டமும் ஒரு காரணம். மார்ச்சிலும் ஏப்ரல் தொடக்கத்திலும் ஜார்ஜியாவின் தங்கும் குடில்கள் நிரம்பி வழியும். வயிற்றுப்போக்கு வைரஸ் பரவுவதும் அந்த நெரிசலில்தான். பாதையைப் பராமரிக்கும் அமைப்பான அப்பலாச்சியன் டிரெயில் கன்சர்வன்சி நடத்தும் பதிவில் எந்த நாளில் எத்தனை பேர் கிளம்புகிறார்கள் என்று பார்க்கலாம். வாரக் கடைசியைத் தவிர்த்து ஒரு செவ்வாயோ புதனோ தேர்ந்தெடுங்கள்.

ஏப்ரலில் கிளம்புவதால் இழப்பு ஒன்று உண்டு. ஜூன், ஜூலை மாதங்களில் வர்ஜீனியாவின் வடபகுதியிலும் பென்சில்வேனியாவிலும் புழுக்கத்தில் நடக்க வேண்டியிருக்கும். பென்சில்வேனியாவில் கல்லும் தண்ணீர்ப் பற்றாக்குறையும் சேர்ந்துகொள்ளும். லைம் நோயைப் பரப்பும் உண்ணிகள் மும்முரமாக இருப்பதும் அந்த மாதங்களில்தான். காலை ஐந்து மணிக்கே நடக்கத் தொடங்கி நண்பகலில் நிழலில் படுத்துவிடுங்கள். தினமும் மாலையில் முழங்காலின் பின்புறம், இடுப்பு, அக்குள் எல்லாம் தடவிப் பாருங்கள். பதிலாக, நியூ ஹாம்ப்ஷயரின் ஒயிட் மலைகளுக்கு நீங்கள் போய்ச் சேர்வது ஆகஸ்ட் கடைசியில். கருப்பு ஈக்களின் தொல்லை அதற்குள் ஓய்ந்திருக்கும். ஆனால் அங்கே வாஷிங்டன் மலையின் உச்சியில் 1934 ஏப்ரலில் மணிக்கு 372 கி.மீ. வேகக் காற்று பதிவானது. கோடையிலும் அந்த முகட்டில் மோசமான நாள் என்றால் கீழேயே காத்திருங்கள். அதற்கான நாட்கள் 170-க்குள் இருக்கின்றன.

சரி, திட்டம் பிந்தினால்? பாதையின் கிட்டத்தட்ட நடுவில், மேற்கு வர்ஜீனியாவில் ஹார்ப்பர்ஸ் ஃபெர்ரி இருக்கிறது. ஜூன் கடைசியில் அங்கே இருக்க வேண்டும். ஜூலை 5-க்கும் மேலாகிவிட்டால் பிடிவாதம் பிடிக்காமல் பஸ்ஸோ ரயிலோ ஏறி மெய்னுக்குப் போய், கட்டாடினில் ஏறிவிட்டு அங்கிருந்து தெற்கு நோக்கி ஹார்ப்பர்ஸ் ஃபெர்ரிக்கு நடந்து வாருங்கள். கடினமான வடபகுதி கோடையிலேயே முடிந்துவிடும். பின்னால் வருவது எளிதான பாதை, பூங்கா மூடும் கவலையும் இல்லை. மெய்னின் கென்னபெக் ஆற்றைக் கடக்க உதவும் படகு ஆண்டின் சில மாதங்களில் மட்டுமே ஓடும் என்பதால் அந்த ஆண்டு நேரத்தை முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள். இப்படி மாற்றி நடப்பதும் முழு நடையாகவே கணக்கில் வரும். கட்டாடினில்தான் முடிக்க வேண்டும் என்ற ஆசை உங்களுக்கு இல்லையென்றால், முதலிலிருந்தே ஹார்ப்பர்ஸ் ஃபெர்ரியில் தொடங்கி வடக்கே போய், பிறகு திரும்பி வந்து தென்பகுதியை இலையுதிர் காலத்தில் நடக்கலாம். பருவத்தை மட்டும் பார்த்தால் எனக்கு மிகவும் பிடித்த வழி அதுதான். அப்படியானால் தென்பகுதி முடிய வேண்டியது உங்கள் விசா தேதிக்குள், அதையும் எண்ணிக்கொள்ளுங்கள்.

கிளம்பும் வாரத்தில் கடைசியாக ஒரு வேலை. மலையடிவார ஊரின் வானிலையைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். ஆயிரம் மீட்டர் ஏறினால் சராசரியாக 6.5 டிகிரி குறையும். ஊரில் 8 டிகிரி மழை என்று காட்டினால் மேலே ஒன்றிரண்டு டிகிரிதான் இருக்கும். அந்த மாதிரி மூன்று நாள் தொடர்ந்து காட்டினால் அடிவாரத்திலேயே தங்கி, மழை விட்டபின் ஏறுங்கள்.